இரண்டாந்தரம் கேட்டவர்

என் கட்டடத்துக்கு இரண்டு கதவு எண்கள். பழையது பதினாறு, புதியது முப்பத்தொன்று. தி. நகரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எப்போதோ கதவு எண்களை மாற்றினார்கள். நாங்கள் இரண்டையும் பலகையில் எழுதி மாட்டிவிட்டோம். வம்பு எங்கே என்றால், எதிர் வரிசையில் நாலு கட்டடம் தள்ளி இருக்கும் பாத்திரக் கடையின் பழைய எண்ணும் முப்பத்தொன்றுதான். எனக்கு வர வேண்டிய எம்பிராய்டரி நூல் பெட்டி அங்கே போகும். அவருக்கு வர வேண்டிய இட்லிக் கொப்பரை என் வாசலில் வந்து இறங்கும்.

நான் சொல்ல வந்தது ஓர் அம்மாளைப் பற்றி. அவர் முதல் நாள் வேலைக்கு வந்தபோது என் வாட்ச்மேனிடம், “இது முப்பத்தொண்ணுதானே?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. மூணாவது மாடி கம்பெனிக்குத்தானே? லிஃப்ட் அந்தாண்ட கீது.”

லிஃப்ட் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். “இது முப்பத்தொண்ணுதானே?”

“இன்னாம்மா, இப்பத்தானே சொன்னேன்? அதுக்குள்ள பில்டிங் எழுந்து போய்க்கினா இருக்கும்?”

“பில்டிங் போகாது. நீங்க மாத்திச் சொல்றேளான்னு பார்த்தேன்.”

கல்லாவில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நான், சரிதான், மூன்றாம் மாடிக்கு ஒரு சண்டைக்காரி வந்து சேர்ந்தாள் என்று நினைத்தேன். சண்டைக்காரிதான். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவரைப் பற்றி இப்போது ஊரில் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, மார்தட்டித்தான் சொல்கிறேன். இன்றைக்கு ரவிக்கைக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் மெஷின்கள் கீழே இரண்டு தளத்தில் ஓடுகின்றன. அதற்கு மேலே உள்ள மாடிகளையும் நானே கட்டினேன்; வாடகைக்கு விட்டேன். படித்தவர்கள் என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனார்கள். அப்படிச் சாவி வாங்கியதுதான் அந்த சாஃப்ட்வேர் கம்பெனி.

அவர்கள் செய்தது ஒரு மாதிரியான இரவல்குரல் வேலை. விண்டோஸுக்காக எழுதிய பழைய புரோகிராம்களை விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டரில் ஓட வைப்பார்கள். தான் விண்டோஸோடுதான் பேசுகிறோம் என்று புரோகிராம் நம்பிக்கொண்டிருக்கும். நடுவில் இவர்கள் சாஃப்ட்வேர் உட்கார்ந்து அதே மாதிரிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பதில் ஓர் எழுத்து பிசகினாலும் புரோகிராம் தடுமாறும். அப்படிப் பிசகுகிறதா என்று பார்ப்பதுதான் அந்த அம்மாளின் வேலை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். மயிலாப்பூரில் வீடு. பருத்திப் புடவைக்குக் கீழே ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவர் மாதிரி ஷூ. குரல் மாடிப்படி முழுக்கக் கேட்கும். அடக்கம் கிடையாது. “இந்த விஷயத்துல என்னை விடத் தெரிஞ்சவா இந்த ஊர்ல இருந்தா கூட்டிண்டு வாங்கோ” என்று மேலதிகாரியிடமே சொல்வார். எனக்கு அது பிடித்தது. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல என்ன கூச்சம்?

ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து, “அண்ணாச்சி, உங்ககிட்ட விநோதமான டிஸ்க் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

“விநோதம்னா எப்படிம்மா? கொம்பு முளைச்சதா?”

“கொம்பு இருந்தாலும் பரவாயில்லை. ஊர்ல யாரும் வச்சுக்காததா இருக்கணும்.”

எம்பிராய்டரி மெஷினுக்குள் சொருகும் பழைய கார்டுகள், அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க், டிசைன்களை எல்லாம் போட்டு வைத்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக மாட்டியிருந்த ஒரு கறுப்புப் பெட்டி என்று எல்லாவற்றையும் காட்டினேன். புடவைக் கடைக்குள் நுழைந்த கல்யாணப் பெண் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். நின்றுகொண்டே சொன்னார்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பது நாம். அந்தப் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம். ஆனால் டிஸ்க் தனக்குள்ளே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நம்பர் கொடுத்து வைத்திருக்கும். பெயர் மாறினாலும் அந்த நம்பர் மாறக் கூடாது. ஒன்றின் நம்பர் இன்னொன்றுக்குப் போகவும் கூடாது. சில புரோகிராம்கள் பெயரை நம்பாமல் அந்த நம்பரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். ஒழுங்கான டிஸ்க் நம்பரை எழுதி வைத்திருக்கும். சில வகைகளுக்கோ அந்தப் பழக்கமே கிடையாது. கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று சொல்லவும் தெரியாது. அந்த நேரத்துக்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். அணைத்துவிட்டுப் போட்டால் வேறு எண்ணைச் சொல்லும்.

“உங்க வாசல்ல ரெண்டு நம்பர் எழுதியிருக்கேளே, அது தேவலை அண்ணாச்சி. பழசு எது, புதுசு எதுன்னு பலகையில இருக்கு. இந்த டிஸ்க்கெல்லாம் காலம்பற உங்களைப் பதினாறுங்கும். சாயங்காலம் அந்தப் பதினாறைத் தூக்கிப் பாத்திரக் கடைக்குக் குடுத்துடும்.”

“அப்போ என் நூல் பெட்டி?”

“கொப்பரைக்குள்ளே.”

அன்றைக்கு எனக்கு விளங்கியது. பி.இ. படித்த என் மருமகனுக்கு இதுவரை விளங்கவில்லை.

வேலை அப்படி என்பதால் குணம் அப்படி ஆனதா, குணம் அப்படி என்பதால் அந்த வேலைக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதையே திரும்பக் கேட்பார். பாண்டி பஜாரில் பூக்காரியிடம் முழம் என்ன விலை என்பார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்பார். பூக்காரி ஆளை மறந்துபோய் விலையை ஏற்றிச் சொன்னாளோ, அவ்வளவுதான்.

“இப்பத்தானே குறைச்சுச் சொன்னே?”

“அது அப்போ. இது இப்போ. வாங்கினா வாங்கு, வாங்காங்காட்டி நடையைக் கட்டு தாயி. காலைலேர்ந்து நூறு பேரு மூஞ்சிய பார்க்கிறேன், உன் மூஞ்சிய வேற ஞாபகம் வச்சிக்கினு இருக்கணுமா?”

“அதே பூ. அதே முழம். பதில் மட்டும் ஏன் மாறறது?” என்று நடுத்தெருவில் நின்று நியாயம் கேட்பார். பூ வாங்காமலே போவார். கூட நடந்துபோன எனக்கு மானம் போனது.

என்னிடமும் இதைக் காட்டினார். மெட்ராஸுக்கு எப்படி வந்தேன் என்று கேட்டார். ரயிலில் வந்தேன் என்று ஆரம்பித்து விஸ்தாரமாகச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கேட்டார். வெங்காய லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்ததைச் சொன்னேன்.

“போன தரம் ரயில்னேளே?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏம்மா, நான் பொய்யா சொல்லுதேன்? விழுப்புரம் வரைக்கும் ரயிலு. டிக்கெட் இல்லைன்னு அங்க இறக்கி விட்டுட்டான். பொறவுதான் லாரி.”

“அப்போ ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்கோ. பாதி பாதியா சொன்னா ரெண்டுமே பொய் மாதிரி இருக்கு.”

என்ன வாய்! ஆனால் அன்றிலிருந்து நான் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் மாடிப் பையன்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் ‘ரெண்டாந்தரம்’. இரண்டு தரம் கேட்கிறார், அதனால் அப்படி. மட்டமான சரக்கையும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? அந்தக் குத்தலும் அதில் இருந்தது. ஒரு நாள் லிஃப்டில் நான் ஓரமாக நிற்கிறேன். அவர்களில் ஒருவன், “மச்சி, ரெண்டாந்தரம் இன்னிக்கு லீவா?” என்றான். இன்னொருவன் தரத்துக்கு ஒரு கால் போட்டு, “யாரு, ரெண்டாந்தாரமா?” என்றான். சிரிப்பு. வேட்டி கட்டிய கிழவனுக்கு என்ன விளங்கப் போகிறது என்று நினைத்தார்கள்.

“ஏலே, யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லுத? ஒங்க வீட்டுப் பொம்பளைகளையும் இப்படித்தான் பேசுவியோ? லிஃப்ட் என்னது, தெரியும்லா? நாளையிலேர்ந்து மூணு மாடியும் நடந்து ஏறு, சிரிப்பு தன்னால அடங்கும்.”

“சாரி அங்கிள், சும்மா ஜாலிக்கு” என்றான். இந்த ஜாலி என்கிற வார்த்தையை யார் கண்டுபிடித்தது? செய்கிற அயோக்கியத்தனத்துக்கெல்லாம் அது ஒரு குடை.

அந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன். கால் போட்ட வார்த்தையைச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தரம்னா தடவை. தரம்னா குவாலிட்டி. தமிழ் ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வச்சிருக்கு. ஒரு தரத்தோட நிறுத்திண்டா தரம் எங்கேர்ந்து வரும்?” என்றார். கம்பெனி முதலாளி தன் மேஜைக்குப் பின்னால் ஏதோ இங்கிலீஷ் வாசகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அதை இறக்கிவிட்டு இதை மாட்டியிருக்கலாம்.

இனி நான் சொல்லப் போவதுதான் விஷயம்.

அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டர். பெயர் வேண்டாம். நோயாளிகளின் படங்களைப் பார்க்க அவர்கள் வைத்திருந்தது ஒரு பழைய புரோகிராம். அதை மாற்ற டாக்டர்களுக்கு மனசில்லை. கம்ப்யூட்டர்களை மட்டும் புதிதாக மாற்ற நினைத்தார்கள். நம் மூன்றாம் மாடிக் கம்பெனிக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். அந்தப் பழைய புரோகிராம் படத்தைப் பெயரை வைத்துத் தேடாது. ஒரே ஆள் இன்றைக்கு ‘எஸ். லட்சுமி’ என்று எழுதுவாள், அடுத்த மாதம் ‘லக்ஷ்மி சுப்பையா’ என்று எழுதுவாள். அதனால் டிஸ்க் சொல்லும் நம்பரைத்தான் நோயாளியின் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும். படங்களை அவர்கள் போட்டு வைத்திருந்ததோ, என் பட்டறையில் இருந்த அதே வகைக் கறுப்புப் பெட்டியில்.

அந்த அம்மாள் என் பெட்டியை இரவல் வாங்கிப்போய் மேலே வைத்துச் சோதித்தார். பிறகு, இதை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெட்டி அணைந்து எழுந்தால் நம்பரை மாற்றிச் சொல்கிறது, ஒருவர் படம் இன்னொருவர் பெயரில் திறக்கும் என்றார். முதலாளிக்கு முப்பது வயது. துடியான பையன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் என்னிடம் வந்து, “அங்கிள், உங்க மேல மேமுக்கு மரியாதை உண்டு. அது பெட்டியோட தப்பு, நம்ம தப்பு இல்லை. அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் பாஸ் போடச் சொல்லுங்க. நாளைக்குக் குடுத்தாகணும்” என்றான்.

மேலே போனேன். எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றார்கள். அந்த அம்மாள் பெட்டியில் இரண்டு எக்ஸ்ரே படங்களைப் போட்டு, இரண்டு பொய்ப் பெயர்களில் பதிந்திருந்தார். முத்து என்ற பெயரைத் திறந்தால் கை. பானு என்ற பெயரைத் திறந்தால் முழங்கால். மூடித் திறந்தார். முத்துவுக்குக் கை, பானுவுக்கு முழங்கால்.

“ரெண்டாந்தரமும் அதேதானே மேம் வருது?” என்றான் ஒருவன். சிரிப்பு வேறு.

“பெட்டி அணையட்டும். அதுக்கப்புறம் கேட்கணும்.”

முதலாளி சலித்துக்கொண்டான். “அணைச்சா மாறும்னு நீங்க ரிப்போர்ட்லயே எழுதிட்டீங்க மேம். அங்க அதை யாரு அணைக்கப் போறா? இப்ப அதுக்கெல்லாம் டைம் இல்லை.”

நான் அவர்களைப் பார்த்தேன். அத்தனை படிப்பு, அத்தனை கம்ப்யூட்டர். ஒரு பெட்டியை அணைத்துப் போட நேரமில்லையாம்! எனக்கு எங்கிருந்து அப்படி ஆத்திரம் வந்தது என்று தெரியாது. நேரே வராந்தாவுக்குப் போனேன். அந்தத் தளத்தின் மெயின் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. கட்டடம் என்னுடையது, மெயினும் என்னுடையது. கீழே இழுத்துவிட்டேன்.

ஏ.சி. நின்றது. விசிறி நின்றது. உள்ளே, “டேய், சேவ் பண்ணலடா!” என்று ஒரே கூச்சல்.

“வே, கரண்டு போனா இந்த ஊர்ல என்ன ஆவும்னு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே தள்ளினேன்.

பெட்டி எழுந்து விளக்கு எரிவதற்குள் எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. அந்த அம்மாள் முத்துவைத் திறந்தார்.

முழங்கால்.

பானுவைத் திறந்தார். கை.

ஒருவனும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் முகத்தில் ஜெயித்த களை இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. “முத்துவோட கை உடைஞ்சிருந்தா பானுவுக்குக் கட்டுப் போடுவா. கட்டுன்னா பரவாயில்லை, அவுத்துடலாம்” என்று மட்டும் சொன்னார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மனுஷன் என்றால் முடிந்திருக்கும். முதலாளிப் பையன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? “அங்க யு.பி.எஸ். இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு. அணையவே அணையாது. டெஸ்ட்டை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க.” ஒரு பெருமழை பெய்தால் கரையோரத் தெருக்களில் ஜெனரேட்டரே தண்ணீரில் மூழ்கி நிற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான், அணையவே அணையாதாம். கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறான்! தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம். பார்த்துவிட்டுச் செய்கிறவனை என்ன செய்வது?

“எடுக்கறது உங்க இஷ்டம். நான் எடுக்க மாட்டேன்” என்றார் அவர்.

அவன் எடுத்தான். மறுநாள் அந்த அம்மாள் ஆபீஸுக்கு வரவில்லை. அடையாறுக்குப் போனார். ஸ்கேன் சென்டர் மேனேஜரிடம், சாஃப்ட்வேரை வாங்கும் முன்னால் பெட்டியை ஒரு தரம் அணைத்துப் போட்டு உங்கள் படங்களைப் பாருங்கள் என்று சொன்னார். அவர்கள் பார்த்தார்கள். ஆர்டர் ரத்தானது. கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னாள் என்று அவரை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அது மட்டும் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால், அந்த இடத்துக்கு இவர்களே போன் போட்டு, ‘அந்தம்மா நம்பிக்கைக்கு உரியவர் இல்லை’ என்று சொன்னார்கள். நம்பிக்கைக்கு உரியவர் இல்லையாம். அவரா!

அந்த வார்த்தை என் காதுக்கு வந்த அன்றே மேலே போய்க் கத்தினேன். இடத்தைக் காலி செய்யச் சொன்னேன். செய்தார்கள். என்ன பிரயோஜனம்? வேறு தெருவில், என்னைவிட நல்ல லிஃப்ட் வைத்திருப்பவன் கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பேச்சு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. டீக்கடையில் கேட்டால் இன்றைக்கும், “அந்த கம்பெனிக்குக் குழி வெட்டின அம்மாதானே?” என்கிறார்கள். குழியை மூடியவரை, வெட்டியவர் என்கிறார்கள்.

போகிற நாளில் என் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே வந்தார். “டிசைன் எல்லாம் அப்படியே இருக்கு அண்ணாச்சி. சரி பார்த்துக்கோங்கோ” என்றார். சரி பார்க்க வேண்டாம், நீங்கள் சொன்னால் போதும் என்றேன். “அதுதான் தப்பு” என்று கடிந்துகொண்டு, நான் பார்த்து முடிக்கும் வரை நின்றார். என் பட்டறையிலேயே ஒரு வேலை போட்டுத் தருகிறேன் என்றேன். “பிளவுஸ் நன்னா வந்திருக்கான்னு பார்க்க எனக்குத் தெரியாது. தெரியாததை நான் பாஸ் பண்ண மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும் போல மாடிப்படி வரைக்கும் கேட்டது.

இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மயிலாப்பூர் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவருடைய பழைய போன் நம்பருக்கு அடித்தால் வேளச்சேரியில் ஒரு பையன் எடுக்கிறான். “தாத்தா, அவங்க நம்பர் இல்லை இது, என் நம்பர், எத்தனை தரம் சொல்றது?” என்கிறான். அவன்மேல் தப்பில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பிய இடம் அதே அடையாறு சென்டர். அதே மேனேஜர். படம் எடுத்து வாங்கியதும் அவரிடம் போய்ச் சொன்னேன்: “உங்களுக்கு வந்து எச்சரிக்கை பண்ணின அம்மாவுக்கு அதனால வேலை போச்சு, பேரும் போச்சு. அவங்க செஞ்சது சரின்னு உங்க சென்டர் பேர்ல ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் எங்கயாவது தேடிப் பிடிச்சு அவங்ககிட்ட சேர்த்துடுதேன்.”

அவர் யோசித்தார். “யாரோ ஒரு லேடி வந்தாங்க... ஆமா, சத்தமா பேசுவாங்க. அதுக்கு எதுக்கு சார் லெட்டர்? எங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே.”

“ஆகலைன்னா, யாரால ஆகலை?” என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “சார், பேஷண்ட்ஸ் இருக்காங்க, மெதுவா” என்று என்னை அடக்கப் பார்த்தாரே தவிர, பேனாவைத் தொடவில்லை.

என் வீட்டுக்காரி கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் கையிலிருந்த ஸ்கேன் உறையை வாங்கிப் பிரித்தேன். மேலே அவள் பெயர். படத்தை உருவி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர், அவள் வயது. நடுவில் அவளுடைய தேய்ந்த முழங்கால்.